இளவேனிற் பட்டமும் மலைக்காய்கறித் தோட்டமும்

(ஒரு விவசாய டிமான்ஸ்ட்ரேட்டர் எழுதியது)

சமவெளியில் பயிரிடுவோர்க்குப் பட்டம் என்பது பெரும்பாலும் நிச்சயமான ஒன்று. ஆடிப்பட்டம் தேடி விதை என்று முன்னோர் சொல்லி வைத்தனர். அச்சொல்லை நம்பி அநேகர் இன்றும் விதைக் கூடையைக் கையில் எடுக்கின்றனர். நீலகிரியின் உயர்ந்த பகுதிகளில் ஓர் ஏக்கரோ அதனினும் குறைந்த நிலமோ வைத்துக்கொண்டு காரட், முட்டைக்கோசு, பீட்ரூட், பீன்ஸ், உருளைக்கிழங்கு முதலியவற்றைப் பயிரிடும் சிறு தோட்டக்காரருக்கோ இளவேனிற் காலத்தில் அத்தகைய நிச்சயம் எதுவும் இல்லை.

இம்மலையில் மூன்று போகங்கள் உண்டு. ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் பாசனத்தைக் கொண்டு தொடங்குவது நீர்போகம். ஏப்ரல், மே மாதங்களில் மழையைக் கொண்டு தொடங்குவது கார்போகம். ஆகஸ்டு, செப்டம்பரில் தொடங்குவது கடைபோகம். இவற்றுள் கார்போகமே பெரியது. சிறு குடியானவரின் ஆண்டு வரவில் பெரும்பகுதி அதனையே பற்றி நிற்கிறது. அதற்குரிய ஏற்பாடுகளைச் செய்யும் காலமாகிய மாசி பிற்பகுதி முதல் வைகாசி முற்பகுதி வரையிலுள்ள நாட்களையே இக்கட்டுரையில் இளவேனில் என்று குறிப்பிடுகிறேன். இக்காலத்து வானத்தை நம் விருப்பப்படி நடத்த இயலாது. ஆயினும் எந்த ஒரு நாளின் மழையோ வெயிலோ பனியோ குடியானவரின் முதல் முழுவதையும் ஒருங்கே கொண்டு போகாதபடி வேலையை வகுத்துக்கொள்வது நம் கையில் உள்ளது. அவ்விதம் வகுத்துக்கொள்ளும் முறையைச் சொல்வதே என் நோக்கம்.

பருவத்தின் இயல்பு

மாசி மாதத்தில் இரவு தெளிந்திருந்தால் பள்ளத்தாக்குகளில் இன்னும் உறைபனி விழக்கூடும். பங்குனியில் பகல் வெயில் கடுமையாகிறது, ஓடைகள் மெலிகின்றன, மண்ணின் மேற்பரப்பு விரைவில் காய்கிறது. காலையில் மேகமற்று விளங்கும் வானம் பிற்பகலில் திடீரெனக் கறுத்து, இடியும் மின்னலுமாகக் கோடை மழை பெய்வதுண்டு. சூரிய வெப்பத்தால் சூடேறிய காற்று மலைச்சரிவுகளின் வழியே மேலெழும்பிக் குளிர்வதால் உண்டாகும் மழை இது. ஆகையால் இது பரவலாகப் பெய்வதில்லை. ஒரு ஹட்டியில் வாய்க்கால் நிரம்ப ஓடும் அதே மாலையில், அடுத்த சரிவிலுள்ள ஹட்டியில் புழுதி அடங்கும் அளவுக்குக்கூடத் தூறல் விழாமற் போவது வழக்கமே. சில சமயம் ஆலங்கட்டியும் சேர்ந்து விழும்.

தென்மேற்குப் பருவமழை கேரளக் கரையில் தொடங்குவதற்குரிய சராசரி நாள் ஜூன் 1. அதற்கு முன் வரும் கோடை மழை எத்தனை முறை வரும், இரண்டு மழைகளுக்கு இடையே எத்தனை நாள் வறட்சி இருக்கும் என்பதை முன்கூட்டி அறிந்தவர் எவரும் இலர். முதல் மழை பெய்தவுடன் நிலத்தில் எழும் மண்வாசனை குடியானவரின் மனத்தை விதைப்பின்பால் இழுக்கிறது. இவ்விடத்தில்தான் ஆபத்து உள்ளது.

ஒரு பிழையும் அதன் விலையும்

சில ஆண்டுகளுக்கு முன் நடந்ததொரு விஷயத்தை ஒளிக்காமற் கூறுகிறேன். அதில் பிழை என்னுடையது.

நான் இம்மலைப் பகுதிக்கு மாற்றலாகி வந்த முதல் ஆண்டு அது. பங்குனி முதல் வாரத்தில் ஒரு மாலை நல்ல மழை பெய்தது. மறுநாட் காலையில் 50 சென்டு நிலமுடைய ஒரு குடியானவரின் தோட்டத்திற்குச் சென்றேன். மண் கறுத்து ஈரமாயிருந்தது. 30 சென்டுக்குக் காரட் விதையும், 20 சென்டுக்குப் பீன்ஸ் விதையும் வாங்கி வைத்திருந்தார். "ஐயா, இது முதல் மழைதானே, விதையில் பாதியை நிறுத்தி வைக்கட்டுமா?" என்று கேட்டார். சமவெளியில் பழகிய நான், ஈரம் இருக்கும்போது காலதாமதம் செய்வது நஷ்டம் என்று சொல்லி, முழுவதையும் விதைத்துவிடும்படி அறிவுறுத்தினேன். அரசாங்க உத்தியோகஸ்தர் சொல்கிறாரே என்று அவரும் இரண்டு நாட்களில் விதைத்து முடித்தார்.

அதன் பின் 23 நாட்கள் மழையில்லை. காரட் விதை மிகச் சிறியது. சுமார் ஒரு சென்டிமீட்டர் ஆழத்திலேயே அது விதைக்கப்படுகிறது. அது முளைத்து வெளிவர ஒரு வாரம் முதல் இரண்டு, மூன்று வாரம் வரை ஆகும். அந்நாட்கள் முழுவதும் மேல்மண் ஈரமாயிருத்தல் அவசியம். விதை நீரை உறிஞ்சி முளையைத் தள்ளிய பின் மண் காய்ந்துவிட்டால், அது மீண்டும் உறங்கச் செல்வதில்லை, செத்துப்போகிறது. அவருடைய ஓடையில் குடத்தால் மொண்டு நாலைந்து பாத்திகளுக்கு ஊற்றும் அளவே தண்ணீர் இருந்தது. பத்தாம் நாள் நான் சென்றபோது ஒரு சிறு மண்வெட்டியால் தோண்டிப் பார்த்தேன். கீழ்மண் கல்போல் உலர்ந்திருந்தது. முதல் மழை நனைத்தது நாலு விரல் ஆழத்தைத்தான். விதைக்கும் முன்பே தோண்டிப் பார்த்திருந்தால் இது தெரிந்திருக்கும். நான் மண்ணின் நிறத்தைக் கண்டேனேயன்றி ஆழத்தைக் காணவில்லை.

அவர் என்னை ஒரு சொல்லும் கடிந்து பேசவில்லை. மூத்த மகளைக் கல்லூரியில் சேர்ப்பதற்கென்று எடுத்து வைத்திருந்த தொகையைக் கொண்டு மறுபடி விதை வாங்கினார். அப்பெண் ஓர் ஆண்டு வீட்டிலிருக்க நேர்ந்தது.

அதே சரிவின் மேற்புறத்தில் வயது முதிர்ந்த ஓர் அம்மாளின் தோட்டம் இருந்தது. அவரும் அம்மழையில் விதைத்தார். அவருடைய முளைகளும் காய்ந்தன. ஆனால் அவர் விதைத்தது மூன்றிலொரு பங்கே. மீதி விதை வீட்டில் பத்திரமாயிருந்தது. அதைப்பற்றி நான் விசாரித்தபோது, "மழை எல்லாம் ஒரே நாளிலா பெய்கிறது தம்பி? நான் மட்டும் ஒரே நாளில் எல்லாவற்றையும் விதைப்பானேன்?" என்றார். எனக்கு எந்தப் புத்தகத்திலும் அவ்வளவு தெளிவாக அது சொல்லப்படவில்லை. கீழ்வரும் யோசனைகளிற் பல அவரிடமிருந்தும், என் பிழையிலிருந்தும் கற்றவையே.

விதைக்கு முன் செய்ய வேண்டியவை

சித்திரை மாதத்துப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம் என்பர். மலையிலும் இது பொருந்தும். ஆனால் சரிவான நிலத்தில் அத்தங்கம் ஒரே மழையில் ஓடைக்குப் போய்விடக்கூடும். கிழங்கு அழுகாதிருக்கும் பொருட்டு மேட்டிலிருந்து பள்ளத்திற்கு நேராகப் பார் பிடிக்கும் வழக்கம் இங்கே பல இடங்களில் உண்டு. நீர் தேங்காதென்பது மெய்யே. ஆனால் நீரோடு மேல்மண்ணும் எருவும் விதையும் சேர்ந்து போகின்றன. சரிவுக்குக் குறுக்காக, சம உயரக் கோட்டை ஒட்டி, ஒரு பக்கம் மிகச் சிறிதளவு தாழ்வு கொடுத்துப் பார் அமைத்து, அந்நீர் வந்து சேரும் ஓரத்தில் புல் வளரவிட்ட வடிகால் ஒன்றை வைப்பதே சிறந்தது. படிமட்டங்கள் உள்ள நிலத்தில் மட்டம் உட்புறமாகச் சற்றுச் சாய்ந்திருக்க வேண்டும். உட்பக்கத்து வாய்க்கால் தூர்ந்திருந்தால் மாசியிலேயே தோண்டிச் சரிசெய்ய வேண்டும்.

வடிகால் வேலையை மழை வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுதல் கூடாது. 2019 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் இம்மாவட்டத்து அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட மழை பெய்தது. அத்தகைய வெள்ளத்தை எந்தப் பண்ணை வாய்க்காலும் தாங்காது என்பது உண்மையே. ஆயினும் சாதாரணமாய் ஆண்டுதோறும் வரும் கனமழையில் மண்ணைக் காப்பதும் காவாததும், உலர்ந்த மாதங்களில் நாம் செய்த வேலையைப் பொறுத்தே உள்ளது.

நீலகிரி மண் பெரும்பாலும் புளிப்புத் தன்மை மிகுந்தது. முட்டைக்கோசின் வேர்களைக் கழலைபோல் வீங்கச் செய்யும் வேர்வீக்க நோய் இத்தகைய மண்ணில் செழிக்கிறது. மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்பி, அம்முடிவின்படி வேண்டிய அளவு சுண்ணாம்பை நடவுக்குச் சில வாரங்களுக்கு முன்பே மண்ணிற் கலக்குதல் நலம். காரட் போடும் இடத்தில் நன்கு மக்கிய எருவையே இடவேண்டும். பச்சை எருவும் கட்டியும் கல்லும் உள்ள மண்ணில் காரட் கிளைவிட்டுக் கோணலாகி விலைபோகாமற் போகும்.

உருளைக்கிழங்கை ஒரே பாத்தியில் ஆண்டுதோறும் போடுதல் ஆகாது. அதன் வேரைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழு இம்மலையில் 1961 ஆம் ஆண்டு கண்டுபிடிக்கப்பட்டது. அதன் கூடுகள் மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடிருக்கும். நிலத்தை மூன்று நான்கு பகுதிகளாக்கி, கிழங்கு போட்ட பகுதியில் அடுத்த ஆண்டுகளில் கோசு, காரட், பீன்ஸ், பூண்டு என்று மாற்றி வருவது அப்புழுவைக் குறைக்கும் வழிகளுள் ஒன்று. விதைப்பைப் பல நாட்களாகப் பிரிப்பதற்கும் இந்தப் பகுதிகளே உதவும்.

மழையை அளத்தல்

நேரான பக்கங்களையுடைய ஒரு தகர டப்பாவோ, மேற்பாகத்தை அறுத்த அகன்ற பாட்டிலோ போதும். மரமும் கூரையும் இல்லாத வெளியிடத்தில் அதை அசையாமல் நிறுத்தி, தினமும் காலை எட்டரை மணிக்கு உள்ளிருக்கும் நீரின் உயரத்தை மில்லிமீட்டர்க் கோலால் அளந்து, ஒரு நோட்டுப்புத்தகத்தில் தேதியுடன் எழுதி, நீரைக் கொட்டிவிட வேண்டும். டப்பாவின் அடிப்பாகம் தட்டையாயிருத்தல் அவசியம்.

ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் நீர். ஒரு சென்டு நிலம் சுமார் 40 சதுர மீட்டர். ஆகவே ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு சென்டுக்கு 40 லிட்டர் ஆகிறது. 25 மில்லிமீட்டர் பெய்தால் சென்டுக்கு ஏறக்குறைய 1,000 லிட்டர் கிடைத்ததாகக் கணக்கு. ஓடை நீரைக் குடத்தால் சுமந்து ஊற்றியவர்கள் இக்கணக்கின் பொருளை உடனே உணர்வர்.

அளவு மட்டும் போதாது. சரிவில் விழுந்த நீரில் ஒரு பகுதி ஓடிவிடும். ஆகையால் மழைக்கு மறுநாள் தோட்டத்தில் மூன்று நான்கு இடங்களில் தோண்டிப் பார்க்க வேண்டும். ஈரம் ஒரு சாண் ஆழமாவது இறங்கியிருந்தால், மேல்மண் காய்ந்தாலும் கீழிருந்து சிறிது ஈரம் ஏறி உதவும். நாலு விரல் மட்டுமே நனைந்திருந்தால், தெளிப்புநீர் வசதி உள்ளவர் தவிர மற்றவர் சிறு விதைகளைக் கையில் எடுக்க வேண்டாம்.

விதைப்பைப் பகிர்தல்

காரட், பீட்ரூட், பீன்ஸ் ஆகியவற்றை 12 முதல் 15 நாள் இடைவெளியில் மூன்று தடவையாக விதைக்கும் முறையையே சிறு தோட்டக்காரர்க்கு நான் சிபாரிசு செய்கிறேன். முதற்பங்கை ஈரம் ஆழ இறங்கிய முதல் நல்ல மழையிலும், இரண்டாம் பங்கை அடுத்த மழையிலும், மூன்றாம் பங்கைப் பருவமழை வலுப்பதற்கு முன்னும் விதைக்கலாம். முதற்பங்கு காய்ந்துபோனால் அப்பாத்தியை மறுபடி விதைப்பதற்காக, வாங்கும் விதையில் ஒரு சிறு பகுதியைத் தனியே உலர்ந்த குளிர்ந்த இடத்தில் வைத்திருத்தல் விவேகம்.

உருளைக்கிழங்கிற்கு இவ்வெச்சரிக்கை இன்னும் முக்கியம். பாருக்குப் பார் 45 சென்டிமீட்டரும் கிழங்குக்குக் கிழங்கு 20 சென்டிமீட்டரும் விட்டு நட்டால் ஒரு சென்டில் சுமார் 450 கிழங்குகள் அடங்கும். விதைக்கிழங்கு ஒவ்வொன்றும் 45 கிராம் என்று வைத்துக்கொண்டால், சென்டுக்கு 20 கிலோ விதை வேண்டும். 30 சென்டுக்கு 600 கிலோ. இவ்வளவு முதலையும் ஒரே வாரத்தில் மண்ணிற் புதைப்பவர், அந்த வாரத்து வானத்தின் மீது பந்தயம் கட்டுபவராகிறார். விதைக்கிழங்கை வெளிச்சமும் காற்றும் படும் இடத்தில் மெல்லியதாகப் பரப்பி வைத்தால் குட்டையான, உறுதியான முளைகள் தோன்றும். நடவு இரண்டு வாரம் தள்ளிப்போயினும் கெடாது.

இம்முறையில் பிரதிகூலங்களும் உண்டு என்பதை மறைக்கலாகாது. ஆள்கூலி மூன்று முறை தேட வேண்டியிருக்கும். சிறிது சிறிதாக அறுவடை செய்தால் மேட்டுப்பாளையம் மண்டிக்கு ஏற்றிச் செல்லும் வண்டிச் செலவு கூடும். அண்டை அயலார் இருவர் மூவர் சேர்ந்து ஒரே வண்டியில் ஏற்றுவதும், ஒருவர்க்கொருவர் மாற்றாள் உதவி செய்வதும் இதற்குப் பரிகாரம். மற்றொரு புறம், விளைச்சல் முழுவதும் விலை வீழ்ந்த ஒரே வாரத்தில் மண்டியிற் குவியாதிருப்பது இம்முறையின் அனுகூலம். செலவு சற்றுக் கூடினும் முதல் முழுவதும் போகாதென்பதே இங்கு கவனிக்கத் தக்கது.

நாற்றங்கால்

முட்டைக்கோசு, காலிபிளவர், நூல்கோல் ஆகியவற்றிற்கு நாற்றங்காலே காப்பு. வயலில் வானம் எப்படியிருப்பினும், நாற்று ஒரு மீட்டர் அகலப் பாத்தியில் நம் கண்முன் இருக்கிறது. பாத்தி தரையினின்றும் 15 சென்டிமீட்டர் உயர்ந்திருக்க வேண்டும். கிலோ விதைக்கு 4 கிராம் வீதம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து, நெருக்கமின்றி வரிசையாக விதைத்து, முளைக்கும் வரை வைக்கோல் பரப்பலாம். மாலையில் மிகுதியாக நீர் தெளித்து இரவு முழுவதும் ஈரம் நிற்கும்படி விடுவதே நாற்றழுகல் நோய்க்குப் பெருங்காரணம்; காலையில் தெளிப்பதே நன்று.

நாற்றங்காலையும் ஒரே நாளில் முடிக்காமல் 15 நாள் இடைவெளியில் இரண்டாக விதைக்க வேண்டும். மேலும் வயலுக்குத் தேவையானதைவிட நாலிலொரு பங்கு அதிகமாக நாற்று வளர்த்தல் வேண்டும். ஆலங்கட்டி ஒருமுறை விழுந்தபின் நாற்றுக்காக அலையும் குடியானவர் இதன் மதிப்பை அறிவர். நாலு முதல் ஆறு வாரத்து நாற்று நடவுக்கு ஏற்றது. மழை வரவில்லையே என்று நாற்றை முற்றவிடாமல், இரண்டாம் நாற்றங்காலை எதிர்பார்த்து முதலாவதன் மிகுதியைக் கழித்துவிடவும் துணிய வேண்டும்.

நிலத்தின் கிடைக்கேற்ற பயிர்

உறைபனி சாதாரணமாய் நவம்பர் முதல் பிப்ரவரி வரை விழுவது. சில ஆண்டுகளில் மார்ச்சுத் தொடக்கத்திலும் பள்ளங்களில் காணப்படும். குளிர்ந்த காற்று கனமானதாகையால் தண்ணீரைப்போல் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. ஆதலால் ஒரே தோட்டத்தில் மேற்பாகத்துச் செடி பிழைக்க, கீழ்ப்பாகத்துச் செடி கருகுவது விந்தையன்று. பீன்ஸும் உருளைக்கிழங்கும் உறைபனியைத் தாங்கா. முட்டைக்கோசு, காரட், பீட்ரூட் ஆகியவை இலேசான பனியைத் தாங்கும். எனவே மாசி, பங்குனியில் தாங்காத பயிர்களைச் சரிவிலும், தாங்கும் பயிர்களைப் பள்ளத்திலும் வைப்பதே முறை.

இந்திய வானிலை இலாகாவில் விவசாய வானிலைப் பிரிவு புனாவில் 1932 ஆம் ஆண்டு ஏற்பட்டது. அதனை நடத்திய எல். ஏ. ராமதாஸ், காற்றசையாத தெளிந்த இரவுகளில் மிகக் குளிர்ந்த காற்றடுக்கு தரையை ஒட்டியே இராமல், அதற்குச் சற்று மேலேயும் இருக்கக்கூடும் என்று அளந்து வெளியிட்டார். இளஞ்செடியின் இலைகள் இருக்கும் உயரமும் அதுவே. ஆகையால் வீட்டுச் சுவரில் தொங்கும் உஷ்ணமானியைப் பார்த்து, பனி இல்லை என்று எண்ணுவது பிழை. செடியின் உயரத்தில், வெளியில், ஒரு குச்சியில் கட்டிய உஷ்ணமானியே உண்மையைச் சொல்லும். நாற்றங்காலை மிலார், வைக்கோல், சாக்கு இவற்றால் மாலையில் மூடிக் காலையில் வெயில் ஏறியபின் எடுத்துவிடலாம்.

ஆலங்கட்டியும் கருகலும்

ஆலங்கட்டியால் இலை கிழிந்த தோட்டத்தைக் கண்டவுடன் எல்லாவற்றையும் பிடுங்கியெறிதல் வேண்டாம். ஒரு வாரம் பொறுத்துப் பார்க்க வேண்டும். உருளைக்கிழங்கு பெரும்பாலும் அடியிலிருந்து மறுபடி தளிர்க்கும். கோசு நாற்றில் நடுக்குருத்து முறிந்தவற்றை மட்டும் எடுத்துவிட்டு, மிகுதி நாற்றைக்கொண்டு நிரப்பலாம்.

குளிர்ச்சியும் மூடுபனியும் தொடர்ந்து இலைகள் பல மணி நேரம் ஈரமாயிருந்தால், உருளைக்கிழங்கில் பின்கருகல் நோய் தோன்றும். 1845 ஆம் ஆண்டு அயர்லாந்தில் கிழங்குப் பயிரை அழித்துப் பெரும் பஞ்சத்தை விளைவித்த நோய் இதுவே. இது தோன்றிய பின் துரத்துவதைவிடத் தோன்றாமற் காப்பதே எளிது. இதற்குப் பழைய மருந்தாகிய போர்டோக் கலவையைக் குடியானவர் தாமே தயாரிக்கலாம். 10 லிட்டர் கலவைக்கு மயில்துத்தம் 100 கிராம், நல்ல சுட்ட சுண்ணாம்பு 100 கிராம் வேண்டும். ஒவ்வொன்றையும் தனித்தனியே 5 லிட்டர் நீரில் கரைத்து, சுண்ணாம்பு நீரை வடிகட்டி ஆறவிட்டு, இரண்டையும் மூன்றாவது பாத்திரத்தில் ஒருங்கே ஊற்றிக் கலக்க வேண்டும். பாத்திரம் மண், மரம், பிளாஸ்டிக் இவற்றாலாயது; இரும்பு கூடாது. துலக்கிய கத்தியொன்றைக் கலவையில் சிறிது நேரம் அமிழ்த்திப் பார்க்கையில் அதன்மேல் செம்பு படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று பொருள். இன்னும் சிறிது சேர்க்க வேண்டும். அன்றன்று தயாரித்ததை அன்றன்றே, இலை உலர்ந்திருக்கும் வேளையில், அடிப்பக்கமும் நனையத் தெளித்தல் அவசியம்.

வானிலை அறிவிப்பு

குடியானவர்க்கென வானிலை அறிவிப்பு வானொலியில் ஒலிபரப்பப்பட்டது 1945 ஆம் ஆண்டு முதல். இப்போது வாரந்தோறும் செவ்வாய், வெள்ளிக் கிழமைகளில் மாவட்ட வேளாண் வானிலை ஆலோசனை வெளியிடப்படுகிறது. 2019 இல் வெளியான மேகதூத் என்னும் செயலியின் மூலம் அதனைக் கைப்பேசியிலும் தமிழிற் படிக்கலாம். நாளை மருந்து தெளிக்கலாமா, அறுத்த கிழங்கை வெளியிற் பரப்பலாமா என்பன போன்றவற்றிற்கு இது மிகவும் பயன்படும். ஆனால் மாவட்டம் முழுவதற்குமான அறிவிப்பு உங்கள் சரிவில் பெய்யும் மழையைச் சொல்லாது. அறிவிப்பும், தோட்டத்து டப்பாவும், தோண்டிப் பார்த்த குழியும் ஆகிய மூன்றும் சேர்ந்து சொல்வதையே நம்ப வேண்டும். இடி முழங்கத் தொடங்கினால் வேலையை நிறுத்தி வீட்டிற்குள் செல்க. தனிமரத்தடியில் ஒதுங்குதல் உயிருக்கு ஆபத்து.

முடிவுரை

நான் பிழை செய்த அக்குடியானவர் அடுத்த ஆண்டு விதைப்பை மூன்றாகப் பிரித்தார். தகர டப்பா ஒன்றை நானே கொண்டு சென்று அவர் தோட்டத்தில் நிறுத்தினேன். வீட்டிலிருந்த அவருடைய மகளே காலைதோறும் அளந்து நோட்டுப்புத்தகத்தில் எழுதி வந்தாள். அவ்வாண்டு முதல் மழை 11 மில்லிமீட்டர் என்று அவள் எழுதியிருந்தாள். தகப்பனார் தோண்டிப் பார்த்துவிட்டு விதைக்கவில்லை. எட்டு நாட்களுக்குப் பின் இரண்டு மாலைகளில் 34 மில்லிமீட்டர் பெய்தது. அதன்மேல் முதற்பங்கை விதைத்தார். சித்திரை நடுவில் ஆலங்கட்டி விழுந்து இரண்டாம் பங்கின் பீன்ஸ் முழுவதையும் அடித்துவிட்டது. முதற்பங்கும் மூன்றாம் பங்கும் நின்றன. மிகுந்த லாபம் என்று சொல்வதற்கில்லை. ஆயினும் கடன் வாங்காமல் அந்த ஜூன் மாதத்தில் மகளைக் கல்லூரியில் சேர்த்தார். நோட்டுப்புத்தகத்தைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு அவள் போனாள்.

வானம் இவ்வாண்டும் தன் விருப்பப்படியே நடக்கும். மாசி பிறந்துவிட்டதாகையால், இதைப் படிக்கும் தோட்டக்காரர்கள் வாய்க்காலைத் தோண்டி, டப்பாவை நிறுத்தி, விதையை மூன்றாகக் கட்டிவைத்துக் கொள்வார்களாக. எந்த உத்தியோகஸ்தர் வந்து சொன்னாலும், அவர் கையில் ஒரு மண்வெட்டியைக் கொடுத்துத் தோண்டிப் பார்க்கச் சொன்ன பின்னரே அவர் யோசனையைக் கேட்பது நலம். என் யோசனைக்கும் அவ்விதியே பொருந்தும்.